சூடு பட்ட கையோடு ஓடி வந்த சிறுமி! டோனாவூர் அம்மாவின் கதை

நெல்லை, 1901-ம் ஆண்டு மார்ச் மாதம் 7-ந் தேதி காலை. பெருங்குளத்துக்குப் பக்கத்தில் உள்ள பண்ணைவிளை கிராமம்.

7 வயதுச் சிறுமி ஒருத்தி, ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் மடியில் ஏறி உட்கார்ந்தாள். கைகளை நீட்டிக் காட்டினாள். இரண்டிலும் சூட்டுத் தழும்பு!

சிறுமி பெயர் பிரீனா. கோவிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதற்காக வளர்க்கப்பட்டவள். ஒரு தடவை தப்பி, தூத்துக்குடிக்கு நடந்தே போய்த் தாயிடம் சேர்ந்தாள். சாமி குத்தம் வந்துவிடும் என்று பயந்த தாய், தேடி வந்தவர்களிடமே பிள்ளையை ஒப்படைத்துவிட்டாள். அதற்குத் தண்டனைதான் அந்தச் சூடு.

மறுபடி தப்பியவளுக்கு அடைக்கலம் கொடுத்த வெள்ளைக்காரப் பெண், ஏமி கார்மைக்கேல். 1867-ல் அயர்லாந்தில் பிறந்தவர். 1895-ல் மதப் பணிக்காக இந்தியா வந்தவர்.

கோவில் வீட்டுப் பெண்கள் கும்பலாக வந்து பிள்ளையைக் கேட்டார்கள். போகமாட்டேன் என்று பிரீனா அடித்துச் சொல்லிவிட்டாள். ஏமி அம்மாவும் விடவில்லை.

வயிறும் சொந்தம் இல்லை

பொட்டுக்கட்டிய பெண் கல்யாணம் செய்துகொள்ள முடியாது. வயதுக்கு வந்ததும் யாருடன் இருக்க வேண்டும் என்பதை அடுத்தவர்கள்தான் முடிவு செய்வார்கள். அவளுக்குப் பெண் பிறந்தால், பல இடங்களில் அதற்கும் அதே கதிதான்.

கோர்ட்டில் வழக்கு

அதே வருஷம் ஏமி அம்மா களக்காடு பக்கம் டோனாவூரில் குடியேறினார். 1913-க்குள் அங்கே 130 பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். பிறந்த நாள் தெரியாத பிள்ளைகளுக்கு, வந்து சேர்ந்த நாள்தான் கொண்டாட்டம்.

குழந்தையைக் கடத்தியதாக அவர் மேல் வழக்கும் வந்தது. ஜெயில் என்று பயந்திருந்த நேரத்தில், 1914-ல் வழக்கு தள்ளுபடி ஆனது.

1931-ல் களக்காட்டில் குழியில் விழுந்து கால் முறிந்தது. கடைசி 20 வருஷமும் பெரும்பாலும் படுக்கைதான்.

பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பல வருஷம் போராடினார். சென்னை மாகாணத்தில் 1947-ல் சட்டம் வந்தது. அதைப் பார்த்துவிட்டு, 1951 ஜனவரி 18-ல் ஏமி அம்மா கண்ணை மூடினார்.

இன்றைக்கு?

ஏமி அம்மா கருக்கலைப்புக்காகப் பேசியவர் அல்ல. ஆனால் கெடுக்கப்பட்ட பெண்ணின் வயிறு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குச் சட்டம் பதில் சொல்ல இன்னும் 20 வருஷம் ஆனது. அதுவரை, உயிருக்கு ஆபத்து என்றால் தவிர, கருவைக் கலைப்பது குற்றம்.

பலாத்காரத்தால் உண்டான கர்ப்பத்தை டாக்டர் மூலம் கலைக்க 1971 சட்டம் வழிவிட்டது. 2021-ல் இந்தக் கெடு 24 வாரமாகக் கூடியது.

கெடு தாண்டுவதற்குள் அந்தச் சிறுமி ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க வேண்டும். அதற்கு அவள் சொல்வதை நம்பி, திருப்பி அனுப்பாத ஒரு ஆள் வேண்டும். பிரீனாவுக்கு அந்த ஆள் கிடைத்தார்.