முரசுகள் மேல் நின்ற கனவு

என் தாத்தா குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர். அந்தக் காலத்தில் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய படங்களில், ‘சந்திரலேகா’வின் முரசு நடனத்தை அவர் இன்றும் மறக்கவில்லை. அதை எடுத்தவர் யார் என்று தேடியபோதுதான் எஸ். எஸ். வாசனைப் பற்றி அறிந்தேன்.

திருத்துறைப்பூண்டியில் பிறந்த வாசன், இளம் வயதிலேயே தந்தையை இழந்து தாயாருடன் சென்னைக்கு வந்தார். கல்லூரிப் படிப்பை அவரால் முடிக்க இயலவில்லை. விளம்பரத் தொழிலில் உழைத்து முன்னேறி, 1928-இல் ‘ஆனந்த விகடன்’ இதழை வாங்கினார். 1940-இல் ஏலத்திற்கு வந்த படப்பிடிப்புத் தளம் ஒன்றை வாங்கி, ஜெமினி ஸ்டூடியோவாக மாற்றினார்.

1943-இல் அவர் அறிவித்த படம்தான் ‘சந்திரலேகா’. நாட்டியக்காரி ஒருத்திக்காகவும் அரியணைக்காகவும் மோதும் இரண்டு இளவரசர்களின் கதை. டி. ஆர். ராஜகுமாரி, எம். கே. ராதா, ரஞ்சன் ஆகியோர் நடித்தனர். ஆண்டுகள் ஓடின, படம் முடியவில்லை. பாதியிலேயே இயக்குநர் விலகினார். அதுவரை ஒரு படத்தைக்கூட இயக்காத வாசன், தாமே அப்பொறுப்பை ஏற்றார். கையிருப்பு கரைந்தது, கடன் வாங்கினார், நகைகளை விற்றார். ஆனாலும் தரத்தைக் குறைக்கவில்லை. சர்க்கஸ் காட்சிகளுக்கு உண்மையான சர்க்கஸ் குழுவையே வரவழைத்தார். உச்சக்கட்டத்தில் மாபெரும் முரசுகளின் மேல் நூற்றுக்கணக்கான பெண்கள் ஆட, ஆட்டம் முடிந்ததும் முரசுகளைக் கிழித்துக்கொண்டு வீரர்கள் பாய்ந்து வருவார்கள். கணினி வரைகலை இல்லாத காலம் அது!

1948 ஏப்ரலில் படம் வெளிவந்தது. மக்கள் திரண்டனர். ஆயினும் சுமார் 30 லட்சம் ரூபாய்ச் செலவைத் தமிழ் வசூல் மட்டும் ஈடுகட்டவில்லை. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே ஓய்ந்திருப்பார். வாசனோ அதே ஆண்டு டிசம்பரில் அதை இந்தியில் வெளியிட்டார். நூற்றுக்கணக்கான பிரதிகள், நாடெங்கும் விளம்பரம் என்று மீண்டும் துணிந்து செலவழித்தார். வடக்கே கிடைத்த மகத்தான வெற்றி, சென்னைத் தயாரிப்பாளர்களுக்கு அனைத்திந்தியச் சந்தையின் கதவைத் திறந்துவிட்டது.

1969-இல் பத்மபூஷண் விருது பெற்ற வாசன், அதே ஆண்டு ஆகஸ்டில் மறைந்தார்.

நண்பர்களே, ஒப்படைப்பு பாதியில் நிற்கும்போது, குழுவிலிருந்து ஒருவர் விலகும்போது நாமும் சோர்ந்துவிடுகிறோம். கடன் சுமையோடு, தெரியாத தொழிலைக் கற்றுக்கொண்டே எடுத்ததை முடித்த அந்த மனிதரை அப்போது நினைத்துக்கொள்வோம். தோட்டத்துத் திடலில் அமர்ந்திருந்த ஒரு சிறுவனை அவருடைய உழைப்பு இன்றுவரை மகிழ்வித்துக்கொண்டிருக்கிறதே!