ரத்தம் எடுக்காமலே சிரை ரத்த ஆக்சிஜனை அளக்கலாமா? சி.வி.ராமன் காட்டிய வழி!

கொரோனா காலத்துல வீட்டுக்கு வீடு விரல்ல மாட்டிப் பார்த்த ஆக்சிமீட்டர் ஞாபகம் இருக்கா? அது நாடித்துடிப்போடு துடிக்கும் தமனி ரத்தத்தை மட்டும்தான் அளக்கும். சிரை ரத்தம் அப்படித் துடிக்காது, அதனால் கணக்கில் வராது.

சிரை ரத்தம் ஏன் முக்கியம்?

உடல் பயன்படுத்தியது போக மிச்சமுள்ள ஆக்சிஜனை அதுதான் காட்டும். வழக்கமாக 70 சதவீதம் அளவில் இருக்கும். தமனியில் 98 இருந்தாலும், சிரையில் ரொம்பக் குறைந்தால் உறுப்புகளுக்குப் போதுமான ஆக்சிஜன் போகலைன்னு அர்த்தம். இப்போது இதை அறிய, கழுத்து வழியாகக் குழாய் செலுத்தி ரத்தம் எடுக்கிறார்கள்.

இதில் ராமன் எங்கே வந்தார்?

1888 நவம்பர் 7-ல் திருச்சி திருவானைக்காவலில் பிறந்தவர் சி.வி.ராமன். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். 1907-ல் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரி ஆனார். ஆபீசுக்கு முன்னும் பின்னும் ஆய்வகமே கதி. 10 ஆண்டுகள் இப்படியே ஓடின. 1917-ல் நல்ல சம்பளம் தந்த அரசு வேலையை விட்டுவிட்டு, அதைவிடக் குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியர் ஆனார்.

1921-ல் கப்பல் பயணம். கடல் ஏன் நீலமா இருக்கு என்ற கேள்வி அவரை விடவில்லை. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று கண்டார். தொடர்ந்து, கே.எஸ்.கிருஷ்ணனுடன் சேர்ந்து 1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவைக் கண்டுபிடித்தார். 1930-ல் நோபல் பரிசு பெற்றார். 1970 நவம்பர் 21-ல் காலமானார்.

அது என்ன விளைவு?

ஒரு பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் மிக மிகச் சிறு பகுதி மட்டும் நிறம் மாறும். அந்த மாற்றம் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் கைரேகை மாதிரி. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினுக்கு ஒரு ரேகை, ஏறாததுக்கு வேறு ரேகை. துடிப்பு தேவையில்லை. திசுக்களின் நுண்குழாய்களில் உள்ள ரத்தத்தில் பெரும்பகுதி சிரைப் பக்கம்தான். எனவே லேசர் ஒளி பட்டாலே சிரை அளவை ஒட்டிய கணக்கு கிடைக்கும். அமெரிக்க ஆய்வாளர்கள் இதை விலங்குகளில் சோதித்துள்ளனர்.

சிக்கல் என்ன?

ராமன் ஒளி ரொம்ப மங்கல். திசுக்கள் தாமாக வெளியிடும் ஒளி அதை மறைத்துவிடும். அதனால் மருத்துவமனைகளில் இது இன்னும் பரவலாகவில்லை.

ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரகடத்தில் 350 ஏக்கரில் மருத்துவ உபகரணப் பூங்காவுக்கு சிப்காட் இடம் ஒதுக்கியுள்ளது. கார் தயாரிப்புக்குப் பெயர்போன பகுதி அது. திருச்சிக்காரர் கண்டுபிடித்த ஒளியை வைத்து அங்கே ஒரு கருவி உருவானால், ஐசியூவில் கழுத்தில் குழாயோடு கிடக்கும் நோயாளிக்கு அது பெரிய நிம்மதி.