வைத்தியப் பெரியார் கிறீன்

பிணி தீர்க்கும் பெரியார் இருவகையினர். தம்பால் வந்த நோயாளிக்கு மருந்தளித்து அம்மட்டில் அமைபவர் ஒருவகையினர். தாம் மறைந்த பின்னர்ப் பிறக்கும் மகவிற்கும் நோய் வரும், அப்போது அதன் அருகிலிருந்து தீர்ப்பவர் யாவர் என்று இன்றே எண்ணிக் கவல்பவர் மற்றொரு வகையினர். பின்னவர் உலகில் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தொண்டாற்றிய வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவர். தமிழ் பயிலும் மாணாக்கராகிய நாம் அவர் சரிதையை அறிதல் கடன்.

இவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாசச்சூசெட்ஸ் மாகாணத்து உஸ்டர் என்னும் நகரில் 1822-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10-ஆம் நாள் பிறந்தார். இவர்தம் தமையனார் அண்டுரு கிறீன் என்பவர், நியூயார்க் மாநகரின் வருங்கால வளர்ச்சியை முன்னறிந்து அதன் நடுவே பெரும் பூங்காவொன்று அமைதற்கு முன்னின்று உழைத்தவர். தமையனார் ஒரு மாநகரின் நாளையை எண்ணினார். தம்பியாரோ கடல் கடந்த தமிழ்ச் சிற்றூர்களின் நாளையை எண்ணினார்.

1845-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் வைத்தியக் கல்வியை முடித்த கிறீன், அமெரிக்க மிஷனைச் சார்ந்து 1847-ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அம்மிஷனார் 1816 முதலே ஆங்குப் பணி செய்து வந்தனர். அவருள் வைத்தியர் ஜான் ஸ்கடர் பண்டத்தரிப்பில் முன்னரே மருத்துவத் தொண்டு புரிந்திருந்தனர். கிறீன் முதலில் வட்டுக்கோட்டையில் தங்கிப் பின்னர் மானிப்பாயைத் தம் இருப்பிடமாகக் கொண்டார்.

மானிப்பாயில் அவரை நாடி வந்தோர் பலர். ஆயினும் வந்தோரினும் வாராதோரே அவர் நெஞ்சை வருத்தினர். மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் வரமாட்டாத முதியோரும், பேறுகாலத்து இடர்ப்படும் பெண்டிரும், வாந்திபேதி கண்டு ஓரிரவிற் சாய்வாரும் ஊர்தோறும் இருந்தனர். ஒரு வைத்தியசாலையும் ஒரு வைத்தியரும் இவர்க்கெல்லாம் எவ்வாறு போதும்? ஊர்தோறும், ஊரவருள் ஒருவரே, கற்ற வைத்தியராக வாழ்தல் வேண்டும் என்பதே அவர் கண்ட முடிபு. ஆதலின் 1848-ஆம் ஆண்டிலேயே இளைஞர் சிலரைச் சேர்த்துப் பயிற்றத் தொடங்கினார்.

முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். அதன் பயனோ அவர் எண்ணியவாறு அமையவில்லை. ஆங்கிலத்திற் கற்றவரிற் பலர் அரசாங்க உத்தியோகத்தையும் பொருள் வருவாயையும் நாடித் தம் ஊரை விட்டு அகன்றனர். அவரைக் குறைகூறுதல் எளிது. குடும்பத்தைக் காத்தல் அவர்க்கும் கடமையன்றோ? கிறீன் மாணாக்கரை நோவாது, தம் முறையையே ஆராய்ந்தார். ஊரில் நிலைக்கும் வைத்தியர் வேண்டுமாயின், ஊர்மொழியிலேயே வைத்தியம் கற்பித்தல் வேண்டும் எனத் துணிந்தார். 1864-ஆம் ஆண்டளவில் அவர் வகுப்புத் தமிழ்வகுப்பாயிற்று.

ஆனால், நூலின்றி வகுப்பு எங்ஙனம் நடைபெறும்? அக்குறையை அவர் முன்னமே உணர்ந்திருந்தார். மேலைநாட்டு உடற்கூற்று நூலொன்றை அங்காதிபாதம் என்னும் பெயரால் 1852-இலேயே வெளியிட்டிருந்தார். பிரசவ வைத்தியம் 1857-இலும், இரண வைத்தியம் 1867-இலும், மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும் 1872-இலும், கெமிஸ்தம் 1875-இலும், மனுஷ சுகரணம் 1883-இலும் வெளிவந்தன. இப்பெரும்பணியில் அவர்தம் தமிழ் மாணாக்கரும் தோள் கொடுத்தனர். ஒரு பொருளுக்குத் தமிழில் வழங்குஞ் சொல் உண்டாயின் அதனைக் கொள்ளுதல், இல்லையேல் வடமொழியை நாடுதல், அதுவும் உதவாதாயின் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு இயைய மாற்றுதல் என்பது அவர்தம் முறை. கெமிஸ்தம் என்னும் பெயர் இம்மூன்றாம் வழியிற் பிறந்ததாம்.

1866, 1867-ஆம் ஆண்டுகளில் வாந்திபேதி யாழ்ப்பாணத்தைச் சூறையாடிற்று. அவ்விடுக்கணிற் கிறீனும் அவரிடங் கற்றோரும் அரும்பாடுபட்டனர். அயலார் ஒருவராற் செய்தற்கியலாத தொண்டினை ஊர்ப்பிள்ளைகள் பலர் கூடிச் செய்தல் கூடும் என்பது அன்று விளங்கிற்று.

உடல் நலங் குன்றியமையால் 1873-ஆம் ஆண்டு அவர் தாய்நாடு திரும்பினார். அதற்குள் 60-க்கு மேற்பட்டோர் அவரிடம் வைத்தியங் கற்றுத் தேறியிருந்தனர். அவருள் 30-க்கு மேற்பட்டோர் தமிழிலேயே கற்றவர். உஸ்டர் நகரில் இருந்துகொண்டும் அவர் தமிழ் வைத்திய நூல்களைத் திருத்துதலை விட்டாரல்லர். 1884-ஆம் ஆண்டு மே மாதம் 28-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். தமிழர்க்கு மருத்துவத் தொண்டு செய்தவர் என்பதனையே தம் கல்லறையிற் பொறிக்குமாறு விரும்பினார்.

அவர் எண்ணம் முற்றும் நிறைவேறிற்றோ எனின், இல்லை என்றே கூறல் வேண்டும். அவர் அகன்றபின் தமிழ்வழி வைத்தியக் கல்வி நெடுநாள் நிலைபெறவில்லை. ஆங்கிலமே வென்றது, நூல்கள் அருகின. மானிப்பாயில் அவர் பெயரால் அமைந்த வைத்தியசாலை மட்டும் அவரை நினைவூட்டலாயிற்று. எனினும் அவர் எண்ணியது பிழையென்று யான் கருதேன். தொடர்ந்து நடத்துவாரின்மையே குறை. ஒருவர் விதைத்ததற்குப் பலர் நீர் பாய்ச்சுதல் வேண்டுமன்றோ?

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் சேர்ந்த நாளில், இப்படிப்பினால் ஊருக்கு யாது பயன் என்று என்னை வினவினார் உளர். அன்று யான் விடையின்றி நின்றேன். கிறீன் சரிதையைக் கற்றபின், நோயாளியின் காதில் விழும் சொல்லும் மருந்தின் ஒரு கூறே என்று அவர்க்கு விடை கூறுவேன்.

நண்பர்காள்! நம்மிற் சிலர் வைத்தியராவர், சிலர் ஆசிரியராவர், பலர் உத்தியோகம் நாடித் தொலைவு செல்வர். செல்லுமுன் ஒருகால் நம் ஊரை நோக்குவோமாக. அங்கே நாளை முதுமையடைவார் எத்தனைபேர், பிறப்பார் எத்தனைபேர், அவரைப் பேணுவார் யாவர் என்று எண்ணுவோமாக. எங்கிருந்தோ வந்த ஒருவர் நம்மவர்க்காக எண்ணிய கணக்கை, நம்மவராகிய நாம் எண்ணாதிருத்தல் முறையோ?