ஆலைப் பெண்களின் சோகை கண்ட அம்மையார்

பம்பாய்ப் பஞ்சாலைகளிலே நூலோடு நூலாய் நைந்த ஏழைப் பெண்கள், கருவுற்ற நாளில் வெளுத்தார்கள், மூச்சு வாங்கினார்கள், பிள்ளையைப் பெறுமுன்பே மாண்டவர்களும் உண்டு. தலைவிதி என்றது ஊர். ஏன் என்று கேட்டார், 1928-இல் அங்கு வந்த ஆங்கில மருத்துவர், லூசி வில்ஸ் அம்மையார்.

1888-இல் பர்மிங்காம் நகருக்கு அருகே பிறந்தவர். கேம்பிரிட்ஜில் தாவரநூலும் நிலநூலும் கற்றுத் தேறினார். ஆனால் பட்டம் தரவில்லை. பெண்ணாயிற்றே! பெண்களுக்குப் பட்டம் வழங்க அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 1948 வரையில் மனம் வரவில்லை. அம்மையார் சளைத்தாரா? லண்டன் மகளிர் மருத்துவக் கல்லூரியில் படித்து, 1920-இல் மருத்துவரானார்.

பம்பாயில் அவர் கண்ட சோகை விந்தையானது. குருதியிலே சிவப்பணுக்கள் குறைந்திருந்தன. இருந்தவையோ அளவுமீறிப் பெருத்திருந்தன. கிருமியைத் தேடினார், கிடைக்கவில்லை. வட்டிலைப் பார்த்தார். காய் இல்லை, கனி இல்லை, பாலும் அரிது! அதே ஏழை உணவை எலிகளுக்கும் குரங்குகளுக்கும் கொடுத்தார்; அவையும் சோகை பிடித்து வாடின. மார்மைட் என்ற மலிவான சாற்றை ஊட்டினார். பீர் வடித்தபின் மிஞ்சும் ஈஸ்ட்டில் செய்வது அது. போதை கிடையாது, அஞ்சவேண்டாம். குரங்கு தேறிற்று. தாய்மாரும் தேறினர். 1931-இல் உலகறிய எழுதினார்.

நம் மண்ணிலும் உழைத்தவர் அவர். 1929-இல் குன்னூரில், 1931-இல் சென்னைக் கோஷா ஆஸ்பத்திரியில். அந்நாளில் அந்த ஆஸ்பத்திரியின் பெயரிலேயே சாதி என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டிருந்தது! சோகைக்கு மட்டும் சாதி தெரியவில்லை.

சாற்றிலிருந்த சத்து எது? 1941-இல் அமெரிக்க அறிஞர்கள் டன் கணக்கில் பசலைக்கீரையைப் பிழிந்து பிரித்தெடுத்தார்கள். இலத்தீனில் இலையைக் குறிக்கும் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்றார்கள். பின்னர் அதைச் செயற்கையாகச் செய்து காட்டிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர், சென்னையில் மருத்துவம் பயின்ற சுப்பாராவ்.

புது இரத்தம் ஊற இச்சத்து வேண்டும். தாயோ இரண்டு உயிருக்கு ஊறவைக்கிறாள். கருத்தரிக்கும் முன்பிருந்தே இது கிடைத்தால், பிள்ளைக்கு வரும் முதுகெலும்புக் குறைகளில் பெரும்பகுதியைத் தடுக்கலாமென 1991-இல் பிரிட்டனில் மெய்ப்பித்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருவுற்ற தாய்மாருக்கு இலவசமாய்த் தரும் இரும்புச்சத்து மாத்திரையிலும் இது கலந்திருக்கிறது. முருங்கைக்கீரை, அரைக்கீரை, பாசிப்பயறு, வேர்க்கடலை, ஈரல் எல்லாவற்றிலும் உண்டு. நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினால், சத்தும் சாக்கடைக்குத்தான்.

ஒன்று கேட்கிறோம், தோழர்களே. நாம் உண்டெழுந்தபின் சட்டியில் மிஞ்சியதைத்தானே நம் வீட்டுத் தாய்மார் உண்கிறார்கள்? கீரை மிஞ்சுகிறதா? இன்றிரவு சட்டியை எட்டிப் பாருங்கள்.

சத்துக்குப் பிறர் பெயர் சூட்டியபோதும் அம்மையார் உரிமை கொண்டாடித் திரியவில்லை. மணம் புரியவில்லை. மோட்டாரைவிடச் சைக்கிளையே விரும்பினார். முதுமையில் லண்டன் செல்சியா நகரவையில் தொழிற்கட்சி உறுப்பினராக அமர்ந்து பணியாற்றி, 1964 ஏப்ரலில் மறைந்தார்.