டாக்டர் கெலார்ட்டும் முத்துச்சிப்பியும்

எம்மூராகிய மூலக்குளத்திற்குத் தென்கிழக்கே, தேங்காய்த்திட்டின் அருகில், அரியாங்குப்பத்தாறு கடலொடு கலக்கின்றது. மாரியில் அங்கு நன்னீர் மிகும். கோடையில் உவர் மிகும். மீனாயின் விலகிப் போய்விடும். கல்லைப் பற்றிக் கிடக்கும் சிப்பி யாது செய்யும்? இவ்வினாவை முத்துச்சிப்பியின் பொருட்டு ஆராய்ந்தவர் டாக்டர் எட்வர்ட் பிரெடரிக் கெலார்ட் என்பார்.

அவர் 1819-ம் ஆண்டு இலங்கையிற் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் பயின்று, படை மருத்துவராய் ஜிப்ரால்டரிற் பணிபுரிந்த காலத்து, அவ்விடத்துச் செடிகொடிகளைப் பற்றி ஒரு நூல் செய்தார். தாயகம் மீண்டபின் இலங்கை விலங்குகளைத் தொகுத்தெழுதிய நூல் 1852-ல் வெளிவந்தது. மருத்துவத் தொழிலுக்கிடையே இத்துணையும் எழுத அவருக்குப் பொழுது எங்ஙனம் வாய்த்ததோ!

இலங்கைப் பக்கத்து முத்துக்குளிப்பு 1837-க்குப் பின் 1855 வரை நடைபெறவில்லை. பார்களிற் சிப்பி இல்லை. அரசினர்க்கு வருவாய் போயிற்று. மூச்சடக்கி மூழ்கிப் பிழைத்தோர்க்கோ அடுப்பே அணைந்தது. சிப்பிகள் மாண்டனவா, பெயர்ந்தனவா? ஒருமுறை பற்றிய சிப்பி அசையாது என்பதே பலர் எண்ணம். 1857 முதல் கெலார்ட் அரசினர் பொருட்டு இதனை ஆராய்ந்தார்.

சிப்பி தன் காலிலிருந்து சுரக்கும் பட்டுப்போன்ற நாரினாற் பாறையைப் பற்றுகின்றது. இடம் ஒவ்வாதாயின் அந்நாரை விட்டு, ஊர்ந்து சென்று, வேறிடத்துப் புதுநார் நூற்கும் என அவர் கண்டார். உவர்குறைந்த நீரிலும், நாடோறும் இரண்டு மூன்று மணி நேரம் வெயில்படும் ஆழமற்ற இடத்திலும் அது உயிர்வாழும் என்றும் அறிவித்தார்.

அது எவ்வாறு இயலும் என்பது பின்னாளில் விளங்கிற்று. இருவாய் ஓட்டுயிர்கள் ஓட்டை இறுக மூடிச் சிறிது கடல்நீரை உள்ளே காக்கும், இதயத்துடிப்பு தளரும், உயிர்வளியின்றியே உடலிற் சேமித்த மாச்சத்தைச் சிதைத்துக் காலங்கழிக்கும். அதனால் விளையும் புளிப்பை ஓட்டின் சுண்ணாம்பே தணிக்கும். தன் வீட்டுச் சுவரைக் கரைத்து உயிர் காக்கின்றது என்னலாம். வெளிநீரின் உப்புக் குறையுமாயின், உயிரணுக்கள் தம்முள் இருக்கும் அமினோ அமிலங்களைக் குறைத்து, வீங்காது தப்பும்.

ஆயினும் முதிர்ந்த சிப்பி நெடுந்தொலை செல்லாது. ஆதலின், சிப்பி நகரும் என்ற ஒன்றைக்கொண்டே பார்கள் வெறுமையானமைக்குக் காரணம் கூற இயலாது. அதனை முற்ற ஆராயக் கெலார்ட்டுக்கு வாழ்நாள் போதவில்லை. 1860-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ம் நாள், இங்கிலாந்து செல்லும் வழியிற் கப்பலிலேயே இறந்தார், வயது நாற்பது. 1902-ல் ஹெர்ட்மன் என்னும் அறிஞர் வந்து, பெரியபாரில் இளஞ்சிப்பிகள் மீண்டும் மீண்டும் பல்குவதையும், தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்து அலையும் மணலும் அவற்றை வாரிக்கொண்டு போவதையும் எடுத்துக்காட்டினார்.