வேலூர் டாக்டரம்மா ஐடா ஸ்கடர்

நம்ம திருச்செங்கோட்டுப் பக்கம் வைத்தியம் பார்த்துப் பார்த்துச் சலிச்சுப் போனா, கடைசியா வேலூருக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுதான் சொல்லுவாங்க. அந்த ஆஸ்பத்திரியை ஆரம்பிச்சது ஒரு பொம்பளைங்கிறது நம்மள்ல நிறையப் பேருக்குத் தெரியாதுங்க. அதனால அவரைப் பத்தி எழுதுகிறேன்.

ஐடா ஸ்கடர் 1870 டிசம்பர் 9 அன்று ராணிப்பேட்டையில் பிறந்தார். அமெரிக்கக் குடும்பம். தாத்தாவும் அப்பாவும் மிஷன் டாக்டர்கள். சின்ன வயசிலேயே இங்கே பஞ்சத்தில் குழந்தைகள் பட்ட பாட்டைப் பார்த்தவர். அதனாலோ என்னவோ, அமெரிக்காவில் படிச்சு அங்கேயே வாழ்ந்துடணும்னு இருந்தார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னுதான் திண்டிவனம் வந்தார்.

அங்கே ஒரு ராத்திரி ஒரு பிராமணர் வந்து, பிரசவ வலியில் கிடக்கும் மனைவியைப் பார்க்கக் கூப்பிட்டார். ஐடா தனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாதான் டாக்டர் என்றார். அந்நிய ஆம்பளை தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு அவர் போயிட்டார். அடுத்து ஒரு முஸ்லிம், அப்புறம் இன்னொரு மேல்சாதிக்காரர். அதே கோரிக்கை, அதே மறுப்பு. விடிஞ்சப்போ மூணு பொண்ணுங்களும் உயிரோட இல்லை.

வெட்கம், மானம், குல வழக்கம் எல்லாம் சரி. அதைக் கட்டிக் காப்பாத்தணும்னு நெனச்ச அந்தப் புருஷன்மாரைக் கெட்டவங்கன்னு நான் சொல்லமாட்டேன், ராத்திரியில ஓடி வந்தவங்கதானே. ஆனா வலியில் துடிச்ச அந்த மூணு பேரையும் யாராவது ஒரு வார்த்தை கேட்டிருப்பாங்களா? இன்னைக்கும் பிரசவ வார்டு வாசல்ல கையெழுத்துக்கு ஊட்டுக்காரரையும் மாமியாரையும்தான் தேடுறாங்க, படுத்திருக்கறவளைக் கடைசியாத்தான் கேக்கறாங்க.

ஐடா அந்த வழக்கத்தோட சண்டை போடலை. திரும்பப் போய் டாக்டருக்குப் படிச்சு 1899-இல் பட்டம் வாங்கினார். 1900-இல் வேலூர் வந்து பங்களாவில் ஒரு சின்ன அறையில் வைத்தியம் ஆரம்பிச்சார். 1902-இல் பெண்களுக்காக 40 படுக்கையோட ஷெல் ஆஸ்பத்திரி வந்தது. ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவங்களுக்காக குடியாத்தம் ரோட்டுல மரத்தடி மரத்தடியா நின்னு மருந்து கொடுத்தார்.

ஒத்தை ஆளால எத்தனை பேரைப் பார்க்க முடியும்? 1909-இல் நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். இதுதான் எனக்குப் பெரிய விஷயமாத் தெரியுது. அந்தக் காலத்துல நர்ஸ் வேலைன்னாலே முகம் சுளிப்பாங்க. எல்லா சாதிக்காரங்களோட மலமூத்திரமும் எடுக்கணும், ராத்திரியில வெளியே தங்கணும், அப்புறம் கல்யாணம் எப்படி நடக்கும்னு பெத்தவங்க பயம். பெரும்பாலும் கிறிஸ்தவப் பொண்ணுங்கதான் வந்தாங்க. ரத்தத்தையும் புண்ணையும் தொட்ட அந்தக் கைகள்தான், அந்நிய ஆம்பளை தொடக்கூடாதுன்னு சொன்ன வீட்டுப் பொண்ணுங்களோட உயிரையும் மானத்தையும் சேர்த்துக் காப்பாத்துச்சு. தீட்டுன்னு ஒதுக்கின வேலை அது.

1918-இல் பெண்களுக்கு மட்டும் மருத்துவப் பள்ளி தொடங்கினார். பொண்ணுங்க வந்து சேருவாங்களான்னே அதிகாரிங்களுக்குச் சந்தேகம். 1922-இல் முதல் செட்டுல பரீட்சை எழுதிய 14 பேரும் பாஸ். 1946-இல் நாட்டிலேயே முதன்முதலா நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கின இடங்களில் வேலூரும் ஒன்று. மறு வருஷம், 1947-இல், பொண்ணுங்களுக்குன்னே இருந்த அந்த மருத்துவக் கல்லூரியில் பசங்களையும் சேர்த்துக்கிட்டாங்க.

ஐடா கல்யாணம் பண்ணிக்கலை. 1960 மே மாதம் கொடைக்கானலில் காலமானார். அப்போ அவருக்கு 89 வயசு.