இருபத்தெட்டு லீக் நடை

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க என்று சங்கத்தார் கேட்டதும், புனித இஞ்ஞாசியாரைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஹாஸ்டலில் இருந்தபோது ஜூலை 31-ல் திருப்பலி, மெஸ்ஸில் ஸ்பெஷல் சாப்பாடு. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஸ்பெயினில் பாஸ்க் நாட்டுப் பிரபு குடும்பத்தில் 1491-ல் பிறந்தவர். 1521 மே 20-ல் பாம்ப்லோனா கோட்டைச் சண்டையில் குண்டடிபட்டு வலது கால் நொறுங்கியது. எலும்பு கோணலாகக் கூடித் துருத்திக்கொண்டு நின்றது. பூட்ஸ் போட்டால் நல்லா இருக்காதே என்று அதை அறுத்தெடுக்கச் சொன்னார். மயக்க மருந்து இல்லாத காலம்! படுக்கையில் படிக்க வீரக்கதை கேட்டார். வீட்டில் கிடைத்தவை கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் வரலாறும்தான். வீரக் கனவு கலைந்தால் மனம் வறண்டுபோனது. புனிதர்களை நினைத்தால் மகிழ்ச்சி தங்கியது. இதைக் கவனித்ததில்தான் மனமாற்றம் தொடங்கியது.

ஒரே ராத்திரியில் மாறிவிடவில்லை. 1522-ல் மொன்செராட் போகும் வழியில், மாதாவைக் குறைத்துப் பேசிய ஒரு மூர் இனத்தவரைக் குத்திவிடலாமா என்று தடுமாறி, முடிவைத் தன் கோவேறு கழுதையிடமே விட்டார். அது நல்லவேளையாக வேறு பாதையில் திரும்பியது. (அருள் நாலு காலிலும் வரும் போல.)

பிறகு 33 வயதில் பார்சலோனாவில் சின்னப் பையன்களோடு லத்தீன். 1528-ல் பாரிஸ். அங்கேதான் நமக்குத் தெரிந்த விஷயம் நடந்தது. கையிலிருந்த 25 பொற்காசை, தங்கியிருந்த வீட்டிலேயே இருந்த ஒரு ஸ்பானியரிடம் பத்திரமாக வைக்கக் கொடுத்தார். அவர் செலவழித்துவிட்டார், திருப்பித் தர வழியில்லை. இஞ்ஞாசியார் தர்ம விடுதிக்கு இடம் மாறி, பிச்சை எடுத்துப் படித்தார்.

ஊர் திரும்பக் கப்பலுக்குக் காத்திருந்த அந்த ஆள் ரூவான் நகரில் நோயில் விழுந்தார். செய்தி கிடைத்ததும் இருபத்தெட்டு லீக் தூரம் செருப்பில்லாமல், உண்ணாமல் குடிக்காமல் போவதென்று முடிவு செய்தார். விடியற்காலை உடுத்தும்போதே பயம் பிடித்துக்கொண்டது. ஆர்ஜந்தேய் ஊர் தாண்டி ஒரு மேடு ஏறும் வரை அது விடவில்லை. அங்கே பயம் விலகி, வயல்வெளியில் சத்தமாகக் கடவுளோடு பேசிக்கொண்டே நடந்தார். முதல் ராத்திரி ஒரு பிச்சைக்காரரோடு, மறுநாள் ராத்திரி வைக்கோலில். மூன்றாம் நாள் ரூவான். ஆறுதல் சொல்லி, கப்பலேற உதவி, சலமான்காவிலிருந்த நண்பர்களுக்குக் கடிதமும் கொடுத்து அனுப்பினார்.

பாரிஸில் பின்னாளில் அவர் அறைத்தோழர்கள் பீட்டர் ஃபேபரும் பிரான்சிஸ் சவேரியாரும். அந்தச் சவேரியார்தான் 1542-ல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தவர். 1540-ல் இயேசு சபைக்குத் திருத்தந்தையின் ஒப்புதல். 1556-ல் ரோமில் மரணம். 1622-ல் புனிதர் பட்டம். இதெல்லாம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கு.

எனக்கும் ஒரு ரூம்மேட் இருந்தான். 1976-ல் என் பரீட்சைக் கட்டணத்தை அவனிடம் கட்டச் சொல்லிக் கொடுத்தேன், கட்டவில்லை. அந்தப் பருவத் தேர்வு போச்சு. அதன்பின் எந்தச் சந்திப்பிலும் அவன் நிற்கிற பக்கம் நான் போனதில்லை. ரூவான் கதையை முதலில் படித்தபோது, அந்த ஸ்பானியன் செத்தா சாகட்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது, மறைக்கவில்லை.

இந்த முறை வருகிறவர்கள் பட்டியலில் அவன் பெயரும் இருக்கிறது. மதியச் சாப்பாட்டில் அவன் பக்கத்து நாற்காலியை எனக்குப் போடச் சொல்லியிருக்கிறேன். இப்பவே நெஞ்சு படபடங்குது.